தூக்கிய ரேங்லருக்குப் பின் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்: முதலில் கோணம், அப்புறம் தடிமன்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு முழு வீடியோவும் வண்டிக்கு அடியில்தான். குரல் கொஞ்சம் எதிரொலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது ஜீப் ரேங்லர் டிஜே. 1997 முதல் 2006 வரை வந்த மாடல். பெரிய டயர் போடுவதற்காக நாலு அங்குலம் தூக்கியாயிற்று. அன்றிலிருந்து வேகம் பிடித்தால் இருக்கைக்கு அடியில் ஒரே அதிர்வு. இந்த நிலைமையில் எல்லோரும் முதலில் தேடுவது தடிமனான ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைத்தான், அதாவது எஞ்சின் சக்தியை ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் சுழலும் தண்டைத்தான். நான் சொல்வேன், தடிமன் இருக்கட்டும், முதலில் கோணத்தைப் பாருங்கள்.

லைட்டைக் காட்டுகிறேன் பாருங்கள். இந்த வண்டியின் வீல்பேஸே, அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைப்பட்ட தூரமே, 93.4 அங்குலம்தான். எஞ்சின், கியர்பாக்ஸ், சக்தியை முன்னும் பின்னும் பிரித்துவிடும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் எல்லாம் வரிசையாக உட்கார்ந்தது போக, பின் ஷாஃப்டுக்கு மிஞ்சுவது ஏறக்குறைய ஒரு முழம். பாடியைத் தூக்கினால் ட்ரான்ஸ்ஃபர் கேஸும் கூடவே மேலே போகும், பின் ஆக்ஸில் இருந்த இடத்திலேயே இருக்கும். இவ்வளவு குட்டை ஷாஃப்ட் என்பதால் அது செங்குத்தாகச் சரிந்துவிடுகிறது. இதே லிஃப்டை வீல்பேஸ் 10 அங்குலம் கூடுதலான அன்லிமிடெட் மாடலில் போட்டால் இவ்வளவு தொல்லை இருக்காது.

கோணம் கூடினால் ஏன் அதிர்கிறது? ஷாஃப்டின் முனையில் இருக்கும் மடங்கும் மூட்டுக்குப் பெயர் கிராஸ். அது வளைந்த நிலையில் சுற்றும்போது சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் மறுபக்கத்து வேகம் இரண்டு முறை கூடி, இரண்டு முறை குறையும். 20 டிகிரி வளைவென்றால் ஆறு சதவீதம் மேலே, ஆறு சதவீதம் கீழே. மறுமுனையில் இருக்கும் கிராஸும் அதே கோணத்தில் இருந்தால் ஒன்றை ஒன்று சமன் செய்துவிடும். கம்பெனி ஷாஃப்ட் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. ஆக்ஸிலில் ஷாஃப்ட் வந்து மாட்டும் மூக்கான பினியனை மட்டும் மேலே திருப்பி வைத்துவிட்டு அதே ஷாஃப்டை மாட்டினால் அந்தச் சமன் போய்விடும், அதிர்வு இன்னும் மோசமாகும்.

ட்ரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கும் தட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ஸ்பேசர் வைத்து ஓர் அங்குலம் இறக்குவது மலிவான வழி. எனக்குப் பிடிக்காது. பாறையில் ஏறத்தானே வண்டியைத் தூக்கினோம், அப்புறம் வயிற்றை எதற்கு இறக்க வேண்டும்?

சரி, வேலைக்கு வருவோம். கழற்றுவதற்கு முன் டயருக்குக் கட்டை வையுங்கள், ஹேண்ட் பிரேக்கையும் போடுங்கள். பின் ஷாஃப்ட் போய்விட்டால், டூ வீல் ட்ரைவில் இருக்கும் ஆட்டோமேட்டிக் வண்டியைப் பார்க்கிங்கில் போட்டாலும் நிற்காது, உருளும். நீங்கள் அடியில் படுத்திருப்பீர்கள்.

இதோ ஸ்லிப் யோக்கை, அதாவது ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குள் செருகி நிற்கும் ஷாஃப்ட் முனையை, உருவுகிறேன். பார்த்தீர்களா, ஆயில் ஊற்றுகிறது. இந்த வண்டியில் இருக்கும் என்.பி. 231 ட்ரான்ஸ்ஃபர் கேஸில் யோக்தான் அடைப்பு மாதிரி. காட்டில் ஷாஃப்ட் உடைந்தால், அதைக் கழற்றிப் போட்டுவிட்டு முன் சக்கரத்தில் வீடு வந்து சேர முடியாது, ஆயில் முழுக்கப் போய்விடும். அதனால்தான் எஸ்.ஒய்.இ. கிட், அதாவது இந்த ஸ்லிப் யோக்கையே ஒழித்துவிடும் கிட், போடுகிறேன். கேஸைப் பிரித்து, உள்ளே இருக்கும் நீள மெயின் ஷாஃப்டை எடுத்துவிட்டுக் குட்டையான ஒன்றைப் போட்டு, வெளியே யோக்கை நட் போட்டு இறுக்கிவிடுவார்கள். நீண்டு நிற்கும் வால் பகுதி போய்விடும், அந்த இடம் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டுக்குக் கிடைக்கும். நீளம் கூடினால் கோணம் தானாகக் குறையும். முன்னும் பின்னும் நகர்கிற பல்வெட்டு மூட்டான ஸ்ப்ளைன் இனிமேல் ஷாஃப்டிலேயே இருக்கும்.

ஷாஃப்டுக்கு அளவு எடுப்பதை கிட் போட்ட பிறகு, வண்டி டயரில் நிற்கும்போது செய்யுங்கள். ஜாக்கில் தொங்கும்போது எடுத்த அளவு உதவாது.

புது ஷாஃப்டின் மேல்முனையில் இரண்டு கிராஸ் அடுத்தடுத்து இருக்கிறது, நடுவில் ஒரு பந்து. அதுதான் டபுள் கார்டன். வேகம் கூடிக் குறைவதை அது அங்கேயே சரிசெய்துவிடும். அதனால் கீழே பினியன் நேராக ஷாஃப்டைப் பார்க்க வேண்டும். நான் இரண்டு டிகிரி தாழ்த்தி வைக்கிறேன், ஏனென்றால் ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது பினியன் மூக்கைத் தூக்கும். இதற்கு, ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் மேல் கண்ட்ரோல் ஆர்ம் நீளம் மாற்றக்கூடியதாகக் கட்டாயம் வேண்டும். அந்தச் செலவை முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே கொஞ்சம் கிட்டே வாருங்கள். பினியன் பக்கத்துக் கிராஸின் கேப்புக்குள் தையல் ஊசி மாதிரி உருளைகள் வட்டமாக நிற்கின்றன. ஒன்று சாய்ந்து அடியில் விழுந்தாலும் கேப் முழுதாக உட்காராது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, கேப்பைப் பிடித்திருக்கும் பட்டையான ஸ்ட்ராப்பை இறுக்கும்போதுதான் முரண்டு பிடிக்கும். அப்போது பலம் காட்டாதீர்கள், கழற்றிப் பாருங்கள். மாட்டும் வரை இரண்டு கேப்பையும் சுற்றி டேப் ஒட்டி வைத்தால் இந்த வம்பே இல்லை. ஸ்ட்ராப் போல்டுக்கு 14 அடி-பவுண்டுதான், நீளப் பானாவை எடுத்துவிடாதீர்கள்.

இப்போது தடிமனுக்கு வருகிறேன். நான் போடுவது 1310 அளவு கிராஸ். 1350 இதைவிடப் பெரியது, பலமானது, சந்தேகமில்லை. ஆனால் பின்னால் டானா 35 ஆக்ஸிலை வைத்துக்கொண்டு ஷாஃப்டை மட்டும் பலப்படுத்தினால், அடுத்து உடைவது ஆக்ஸில்தான். கிராஸ் உடைந்தால் வழியிலேயே மாற்றலாம். ஆக்ஸில் உடைந்தால் இழுவை வண்டிதான். டானா 44 ஆக்ஸில், இதைவிடப் பெரிய டயர் என்று போகிறவர்கள் 1350 போடட்டும்.

மாட்டியாயிற்று. பாடியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்ஸிலை முழுசாகத் தொங்கவிட்டு, ஷாஃப்டைக் கையால் சுற்றுகிறேன். எங்கேயும் பிடிக்கக் கூடாது, எக்ஸாஸ்டில் உரசக் கூடாது. ம்... நன்றாகச் சுற்றுகிறது.

அந்த நடுப் பந்துக்கு கிரீஸ் அடிக்க, கிரீஸ் கன்னில் ஊசி முனை வேண்டும். சாதாரண முனை அந்தச் சந்துக்குள் நுழையாது. காய்ந்துபோனால் பந்து கீச்சிட ஆரம்பிக்கும், அதனால் ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் இதற்கும் ஒரு அடி அடித்துவிடுங்கள். ட்ரான்ஸ்ஃபர் கேஸில் ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) ஊற்றிவிட்டு வண்டியைக் கீழே இறக்குகிறேன். ஹைவே ஓட்டத்தை அடுத்த வீடியோவில் போடுகிறேன்.