கை மாறும் காருக்கு விலை பேசுவது

நேயர்களுக்கு வணக்கம்.

நான் ஈரோட்டில் 28 வருஷமாக கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். ரிப்பேருக்கு வண்டி கொண்டு வருகிறவர்கள் ஒரு பக்கம். "ஞாயித்துக்கிழமை சும்மாதானுங்களே இருப்பீங்க, ஒரு வண்டி பார்க்கோணும், கூட வாங்க" என்று கூப்பிட வருகிறவர்கள் இன்னொரு பக்கம். அப்படிப் போன வருஷம் ஆடி மாதம் கூப்பிட்டவர் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவரோடு போய் ஒரு கார் வாங்கிய கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

ஆடியில் கார் வாங்குவதா என்று அவருக்கே தயக்கம். "வாங்க வேண்டாம் சார், பார்க்கறதுக்கும் பேசறதுக்கும் ஆடிதான் நல்ல மாசம்" என்றேன். ஆடியிலும் மார்கழியிலும் நம் பக்கம் புது வண்டியும் பழைய வண்டியும் மந்தமாகத்தான் போகும். விற்கிறவர் வீட்டுக்கு நாலு பேர் வர வேண்டிய இடத்தில் ஒருத்தர் வருவார். தையிலும் ஆயுத பூஜை சமயத்திலும் இதே ஆள் நம்மிடம் முகம் கொடுத்தே பேச மாட்டார்.

முதலில் பழைய கார் விற்கும் இரண்டு கார் கன்சல்டிங் கடைகளுக்குப் போனோம். வாங்கவல்ல, விலை தெரிந்துகொள்ள. 2017 பெட்ரோல் ஸ்விஃப்ட், ஒரே ஓனர், 40 ஆயிரம் சொச்சம் கிலோமீட்டர் என்றால் எங்கே எவ்வளவு சொல்கிறார்கள் என்று நோட்டில் எழுதிக்கொண்டோம். ஒரு கடையில் வண்டி விலைக்கு மேல் ஜி.எஸ்.டி. தனி என்றார்கள். இதை நேயர்கள் குறித்துக்கொள்ளுங்கள். பழைய கார் வியாபாரிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டுதான். ஆனால் அது அவர் வாங்கிய விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இருக்கும் லாபத்துக்கு மட்டும். முழு விலைக்கும் போட்டு பில் நீட்டினால் எழுந்து வந்துவிடலாம். தனி ஆள் தன் சொந்தக் காரைத் தனி ஆளுக்கு விற்றால் இந்த வரியே கிடையாது.

கடைசியில் பெருந்துறைப் பக்கம் ஒரு வீட்டு வண்டி கிடைத்தது. 4,30,000 கேட்டார்கள். ஃபோனிலேயே நான் சொன்னது ஒன்றுதான்: "நாங்க வர்றதுக்குள்ள ஸ்டார்ட் பண்ணாதீங்க." போய் பானெட்டில் கை வைத்தால் சூடு. கோயிலுக்குப் போய்விட்டு வந்தார்களாம். பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் சூடான என்ஜின் எந்தக் குறையையும் காட்டாது. முதல் கிக்கில் வரும் சத்தமும் சைலன்சரில் வரும் முதல் புகையும்தான் எனக்கு வேண்டும். "நாளைக்குக் காலைல ஆறரைக்கு வர்றோமுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினோம்.

திரும்புவதற்குள் வாத்தியார் ஒரு வேலை செய்துவிட்டார். வண்டியைச் சுற்றி வந்து, "அட, ஜம்முனு இருக்குதே! எங்க வீட்டம்மா கேட்ட அதே கலரு!" என்றார். நான் அவர் காலை மிதித்தேன். மிதித்து என்ன பயன், விற்பவர் முகத்தில் சிரிப்பு வந்தாகிவிட்டது. அந்த ஒரு வாக்கியம் பத்தாயிரம் ரூபாய் என்று வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் காலை வண்டி குளிர்ந்து கிடந்தது. ஸ்டார்ட் செய்தோம், என்ஜினில் ஒரு குறையும் இல்லை. பிறகு டயரைப் பார்த்தேன். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருஷம். இதில் 1217 என்று இருந்தது. 2017ஆம் வருஷம் பன்னிரண்டாவது வாரம். நாலு டயரும், ஸ்டெப்னியும் ஒரே காலம். அதாவது கம்பெனியிலிருந்து வந்த டயரே இன்னும் ஓடுகிறது. மீட்டரில் 41 ஆயிரம். அதிகம் ஓடியிருந்தால் இதற்குள் டயர் மாற்றியிருப்பார்கள். பிரேக் பெடல் ரப்பரும் ஸ்டீயரிங்கும் அதற்கேற்ற தேய்மானத்தில்தான் இருந்தன. மீட்டரைக் குறைக்கவில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். ஆனால் எட்டு வயசு டயரில் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் மேடு, எவ்வளவு இருந்தாலும் ரப்பர் காய்ந்து பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருக்கும். அதில் ஹைவேஸில் போகக் கூடாது. வண்டி நல்லது என்று சொல்லும் அதே டயர்தான் 18,000 ரூபாய் குறைக்கவும் சொல்கிறது.

கதவுக் கண்ணாடிகளில் ஒன்று மட்டும் வேறு. நாலு கண்ணாடியின் மூலையிலும் கம்பெனி முத்திரைக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணும் புள்ளியும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்க வேண்டும். டிரைவர் பக்கக் கண்ணாடி இரண்டு வருஷம் பிந்தியது. கேட்டேன். பையன் கிரிக்கெட் விளையாடி உடைத்தது என்றார். அடிபட்ட வண்டியா என்று கதவு ரப்பரை இழுத்துக் கதவுத் தூணில் (பில்லர்) வெல்டிங் பார்த்தேன், பானெட் போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தடம் பார்த்தேன், என்ஜினுக்குப் பக்கத்தில் உள்ள ஏப்ரன் தகட்டில் பட்டி வேலை இருக்கிறதா பார்த்தேன். எதுவும் இல்லை. கண்ணாடி மட்டும்தான் மாற்றியிருக்கிறார்கள். "ஆக்சிடென்ட் வண்டின்னு சொல்லி அடிச்சுப் பேசலாமே" என்று வாத்தியார் காதில் கிசுகிசுத்தார். அது தப்பு. தன் வண்டி எப்படிப்பட்டது என்று எட்டு வருஷம் ஓட்டியவருக்குத் தெரியும். இல்லாத குறையைச் சொன்னால் அடுத்து நாம் சொல்லும் உண்மையான குறையையும் நம்ப மாட்டார். கோபம் வேறு வரும்.

சென்னை வண்டியாக இருந்தால் இன்னொன்றும் பார்த்திருப்பேன். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் அங்கே எத்தனையோ கார்கள் வெள்ளத்தில் முங்கின. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் சேற்றுக் கோடு தெரியும். முங்கிய வண்டிக்கு விலை பேசாதீர்கள், டீ கொடுத்தால் குடித்துவிட்டு வந்துவிடுங்கள். டெல்லியில் பழைய டீசல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் அங்கிருந்து மலிவாக வண்டிகள் வரும். என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே திரும்பப் பதிவு செய்து, தமிழ்நாட்டு ஆயுட்கால வரியும் கட்டி முடித்த பிறகு அந்த மலிவு எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும்.

சரி, பேச்சுக்கு வருகிறேன். எங்கப்பா அந்தியூர் சந்தையில் மாடு வாங்குவார். பல்லைப் பார்த்து, நாலு நடை நடத்திப் பார்த்து, பிறகு தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கைமேல் போட்டுக்கொள்வார். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் விலை. சின்ன வயசில் அது ஏதோ மந்திரம் மாதிரித் தோன்றும். சுற்றி நிற்கிற ஆள் காதில் விலை விழாது, அதனால் இறங்கி வருகிறவனுக்கு மானம் போகாது. இவ்வளவுதான் அதன் சூட்சுமம் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

பெருந்துறையில் விற்பவரின் மாமனார் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மாமனார் எதிரில் எந்த மாப்பிள்ளையாவது விலை இறங்குவாரா? "அண்ணா, அப்படியே முக்கு வரைக்கும் ஓட்டிப் பார்த்துட்டு ஒரு டீ குடிச்சுட்டு வரலாமுங்க" என்று அவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். டீக்கடை பெஞ்சில் நோட்டை விரித்து அவர் எதிரிலேயே எழுதினேன். டயர் 18,000. முன்பக்க சஸ்பென்ஷனில் லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராட், கூலியோடு 5,000. பேட்டரி 4,500. அடுத்த மாதம் முடிகிற இன்சூரன்ஸ் 9,500. மொத்தம் 37,000.

இன்சூரன்ஸ் வரியைப் பார்த்து அவர் முகம் சுளித்தார். "நான் வருஷா வருஷம் அஞ்சாயிரம் சில்லறைதானுங்க கட்டுறேன்." அவர் சொன்னது உண்மை. கிளெய்ம் பண்ணாத வருஷங்களுக்காகக் கிடைக்கும் தள்ளுபடி 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை போகும். ஆனால் அது ஓட்டியவருடைய சொத்து, காரோடு வராது. அவர் அதை அடுத்த காருக்கு எடுத்துக்கொண்டு போகலாம். வாங்குகிற வாத்தியாருக்குத் தள்ளுபடி சுழியத்திலிருந்து ஆரம்பம். பாதிப் பேருக்கு இது தெரியாது. விற்பவருக்கும் தெரியவில்லை. தெரிந்ததும் சந்தோஷப்பட்டார்.

"வண்டில குறை ஒண்ணுமில்லீங்க, நல்லா வெச்சிருக்கீங்க. நாங்க எடுத்தா மொத மாசமே இந்தச் செலவு இருக்குது" என்று மட்டும் சொன்னேன். வண்டியைப் பழித்துப் பேசினால் அவர் தன் வண்டிக்காகப் பேசத் தொடங்குவார். செலவைச் சொன்னால் கணக்குப் பார்ப்பார். 3,85,000 என்றோம். அவர் 4,15,000 என்றார். இந்த இடத்தில் வாத்தியார் வாயைத் திறக்கக் கூடாது என்று வீட்டிலேயே சொல்லியிருந்தேன். பாவம், டீ கிளாஸை உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். விற்பவர் தானாகவே 4,05,000 என்று இறங்கினார்.

அதற்கு மேல் குறைத்தது எங்கள் சாமர்த்தியம் இல்லை, அவருடைய பயம். போன முறை பைக்கை விற்றபோது வாங்கியவன் பேர் மாற்றாமலே ஓட்டி, அபராத மெசேஜ் எல்லாம் இவர் ஃபோனுக்கு வந்திருக்கிறது. வந்தது அபராதத்தோடு போயிற்றே என்று ஆறுதல் சொன்னேன். வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விற்றதை 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டியது விற்றவர் கடமை. "பணம் கொடுக்கற அன்னைக்கே பேர் மாத்தற 29, 30 ரெண்டு ஃபாரமும் கையெழுத்துப் போட்டு விண்ணப்பிச்சிரலாங்க, செலவு எங்களது. பணம் முழுசும் பேங்க்லயே வந்துரும்" என்றோம். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது வருமான வரிச் சட்டம். அதனால் இதில் எங்கள் தயவு ஒன்றும் இல்லை. ஆனாலும் அவருக்கு நிம்மதி. 3,98,000க்கு முடிந்தது.

அப்போதுதான் ஆர்.சி.யைக் கையில் வாங்கிப் பார்த்தேன். முதலிலேயே பார்த்திருக்க வேண்டும், என் மேல்தான் தப்பு. ஒரு வங்கியின் பெயர் ஹெச்.பி.யில், அதாவது கடனுக்கு வண்டி ஈடு என்று காட்டும் பதிவில், அப்படியே இருந்தது. "லோன் முடிஞ்சு மூணு வருஷமாச்சுங்களே!" என்றார். தவணை முடிந்தால் போதாது. வங்கியிடம் என்.ஓ.சி.யும் ஃபாரம் 35உம் வாங்கி ஆர்.சி.யிலிருந்து ஹெச்.பி.யை நீக்க வேண்டும். அது நீங்காமல் பேர் மாறாது. வண்டி எண்ணை அரசாங்கத்தின் எம்பரிவாகன் ஆப்பில் போட்டிருந்தால் வீட்டிலிருந்தே தெரிந்திருக்கும். எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் எதுவரை என்பதும் அதில் வரும்.

ஆடிப்பெருக்கு அன்று 5,001 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தோம். மீதி, ஹெச்.பி. கேன்சல் ஆன பிறகு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஹெச்.பி. நீங்குவதற்கும் ஆவணி பிறப்பதற்கும் சரியாக இருந்தது. நடுவில் ஒரு புரோக்கர் 4,10,000 தருகிறேன் என்று அவரைக் கலைக்கப் பார்த்திருக்கிறான். "பேசுனது பேசுனதுதான்"னு சொல்லிட்டேனுங்க என்று ஃபோனில் சொன்னார்.

வண்டி எடுக்கப் போன அன்று டேஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையாரை மெதுவாகப் பெயர்த்து எடுத்துக்கொண்டார். ஃபாஸ்டேக்கை வங்கியில் சொல்லி அவர் ஏற்கெனவே மூடியிருந்தார். நான் கேட்டது ரெண்டாவது சாவி. அது இல்லாவிட்டால் புதிதாகச் செய்ய ஆயிரக்கணக்கில் ஆகும், அதற்கும் விலையில் கழிக்கலாம் என்று வாத்தியாருக்குச் சொல்லி வைத்திருந்தேன். மனுஷன் வீடு முழுக்கத் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தார். வாத்தியார் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அதற்குள் சமையற்கட்டிலிருந்து அந்த அம்மா வந்தார்கள். "எட்டு வருஷமா இதுலதானுங்க கெடக்குது" என்று அஞ்சறைப் பெட்டியைத் திறந்து, மஞ்சள் தூள் படிந்த சாவியை எடுத்து முந்தானையில் துடைத்துக் கொடுத்தார்கள்.