வாளியில் வளரும் பாசி

நேயர்களுக்கு வணக்கம். மேட்டுப்பாளையத்திலிருந்து வந்திருக்கிறேன். மீன் எனக்குத் தொழில் இல்லை, வீட்டோடு சரி. பேசக் கூப்பிட்டபோது, ‘தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன்கள்’ என்று தலைப்புச் சொன்னார்கள். அந்தத் தலைப்போடு எனக்கு ஒரு சின்னச் சண்டை உண்டு. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பாசி தின்னும் மீனை நாம் வாங்குவது வீட்டு வேலைக்கு ஆள் வைப்பது மாதிரிதான். கண்ணாடியில் பச்சை படிந்துவிட்டது, தேய்க்கச் சோம்பலாக இருக்கிறது, கடையில் போய்க் கேட்கிறோம். விரல் நீளத்தில் ஒரு சக்கர் மீனைக் கவரில் போட்டுத் தருவார்கள். அது ஒன்றரை அடி வரை வளரக்கூடியது என்று பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. வளர்ந்ததும் தொட்டி போதாது. கொல்லவும் மனசு வராது. ஏரியில் விட்டுவிடுகிறார்கள். தென் அமெரிக்காவில் பிறந்த மீன் இன்று நம் ஏரிகளில் மீனவர் வலையில் வந்து சிக்குவது இந்த மாதிரி இரக்கத்தால்தான்.

சரி, நான் சொல்ல வந்த மீன் வேறு. ஹில்ஸ்ட்ரீம் லோச் என்பார்கள். கடையில் பட்டர்ஃபிளை லோச் என்றோ பட்டர்ஃபிளை பிளெக்கோ என்றோ கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். எங்கள் வீட்டில் அதற்குக் கல்லொட்டி என்று பெயர். இரண்டு, இரண்டரை அங்குலத்தில் வளர்ச்சி நின்றுவிடும். வியட்நாமின் நடுப்பகுதி மலை ஓடைகளில் வாழும் சியூவெல்லியா லீனியோலாட்டா என்ற இனமும், தென்சீன ஆறுகளிலிருந்து வரும் பியூஃபோர்ட்டியா என்ற பேரினத்து மீன்களும் நம் பக்கம் அவ்வப்போது வரும்.

மேலிருந்து பார்த்தால் குட்டித் திருக்கை. பக்கவாட்டில் பார்த்தால் தோசைக்கல்லில் ஊற்றிய மாவு மாதிரி தட்டை. இதை முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் அது கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது வெளியிலிருந்து வயிற்றைப் பார்க்க வேண்டும். முன்துடுப்பு இரண்டும் விசிறி போல விரிந்திருக்கும். பின்துடுப்பு இரண்டும் சியூவெல்லியாவில் ஒன்றாகச் சேர்ந்து கிண்ணம் மாதிரி ஆகியிருக்கும். சக்கர் மீன் வாயால் ஒட்டிக்கொள்கிறது. இது உடம்பு முழுவதையுமே ஒட்டவைக்கிறது. வாய்க்குச் சுரண்டுகிற வேலை மட்டும்தான். எதிரில் தண்ணீர் வேகமாக வந்தால், அந்தத் தட்டை உடம்பின் மேல் ஓடி அதைக் கல்லோடு இன்னும் அழுத்தும். மற்ற மீன்களை அடித்துக்கொண்டு போகும் வேகம் இதற்குப் பிடிமானம்.

முதல் தடவை நான்கு வாங்கினேன். “பாசியெல்லாம் தின்னுடும் சார், தீனியே போட வேண்டாம்” என்றார் கடைக்காரர். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. புதுத் தொட்டி, கழுவிய மணல், பளபளவென்று கண்ணாடி. மூன்று வாரத்தில் நான்கும் போய்விட்டன. அதில் ஒன்றின் வயிறு குழிந்திருந்ததை நான் கண்ணாடி வழியே பார்த்தேன். பார்த்தும் எனக்குப் புரியவில்லை. பட்டினி என்று பிறகுதான் தெரிந்தது.

இது தின்பது வெறும் பச்சைப் பாசி இல்லை. ஆற்றுக் கல்லைக் கையால் தடவினால் வழவழவென்று ஒரு பழுப்புப் படலம் வரும் பாருங்கள், அதுதான் இதன் சாப்பாடு. நுண்பாசி, பாக்டீரியா, குட்டிப் புழுக்கள் எல்லாம் கலந்த படலம். புதுத் தொட்டியில் அது இருக்காது. அதனால் இப்போது யார் கேட்டாலும், தொட்டியை ஓடவிட்டு இரண்டு மூன்று மாதம் பொறுத்து மீனை வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

அதோடு, மொட்டைமாடியில் ஒரு வாளி வையுங்கள். உருண்டையான கூழாங்கற்களைப் போட்டு, தொட்டித் தண்ணீர் மாற்றும்போது எடுக்கும் பழைய தண்ணீரை அதில் ஊற்றி, வெயில் படும்படி விடுங்கள். பத்துப் பதினைந்து நாளில் கல் நிறம் மாறிவிடும். அதைத் தொட்டியில் இறக்கி, மீன் மேய்ந்து வெளுத்த கல்லை வாளிக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிடலாம். கல் இறங்கிய ஐந்தாவது நிமிடம் எல்லாம் அதன் மேல் ஏறி நிற்கும். பட்டை பட்டையாகச் சுரண்டிய தடம் தெரியும், புல் வெட்டின மைதானம் மாதிரி. ஆக, பாசியை ஒழிக்க வாங்கிய மீனுக்காகப் பாசி வளர்க்கிறேன். என் மனைவிக்கு இதில் தீராத சிரிப்பு. வாளியை வலைத்துணியால் மூட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் கொசுப்புழு வளர்ந்து, வார்டுக்கு டெங்கு பார்க்க வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இடையில் அரைவேக்காட்டில் சுரைக்காய்த் துண்டு, அடியில் மூழ்கும் ஸ்பைருலினா வில்லை, வாரம் ஒரு நாள் உறைந்த புழு. இவ்வளவு போதும்.

இனி தண்ணீர். உயரமான தொட்டி வேண்டாம், நீளமானது வேண்டும். மூன்றடி இருந்தால் நல்லது. ஒரு முனையில் தண்ணீரைத் தள்ளும் பவர்ஹெட் மோட்டார், மறுமுனையில் ஸ்பாஞ்ச். இரண்டையும் மணலுக்கடியில் பிவிசி குழாயால் இணைத்துவிட்டால், தண்ணீர் மேலே ஒரு பக்கமாக ஓடி அடிவழியாகத் திரும்பி வரும். வீட்டுக்குள் ஒரு வாய்க்கால். தொட்டியில் நூறு லிட்டர் என்றால் மணிக்கு ஆயிரம் லிட்டருக்குக் குறையாமல் சுற்ற வேண்டும். மூடி அவசியம். ஈரக் கண்ணாடியில் தண்ணீர் மட்டத்துக்கு மேலேயும் ஏறி வந்துவிடும்.

ஆனால் நம் ஊரில் இந்த மீனைக் கொல்வது பெரும்பாலும் வெப்பம். 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். அதே நேரத்தில் சூட்டில் மீனுக்கு மூச்சுத் தேவை கூடுகிறது. வரவு குறைகிறது, செலவு ஏறுகிறது. 20 முதல் 24 டிகிரி வரை இருந்தால் நிம்மதியாக இருக்கும். ஊட்டி, கோத்தகிரிக்காரர்களுக்குக் கவலையே இல்லை. என்னைப் போல அடிவாரத்தில் இருப்பவர்கள் தண்ணீர்ப் பரப்பின் மேல் ஒரு சின்ன மின்விசிறியைத் திருப்பிவைத்தால், ஆவியாகிப் போகிற தண்ணீர் இரண்டு மூன்று டிகிரியைக் குறைத்துக் கொடுக்கும். சென்னைப் புழுக்கத்தில் அந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது. தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் வாங்க வசதி இல்லையென்றால், சென்னையில் இந்த மீன் வேண்டாம் என்பேன். கரண்ட் போனால் ஓட பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம். ஒரு மே மாத மதியம் இரண்டு மணி நேரம் மின்சாரம் போய், எல்லா மீனும் தண்ணீர் விளிம்புக்கு வந்து வரிசையாக ஒட்டி நின்றதைப் பார்த்த பிறகு அதை வாங்கினேன்.

இவை சண்டை போடுவதைப் பார்க்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று ஏறி, தட்டின் மேல் தட்டு வைத்த மாதிரி மூடிக்கொண்டு, அப்படியே சுற்றும். கடி கிடையாது, காயம் கிடையாது. இரண்டு நிமிடத்தில் ஒன்று விட்டுக்கொடுத்துப் போய்விடும். அதனால் ஒன்று மட்டும் வாங்காதீர்கள். ஐந்தாறு சேர்ந்தால்தான் இந்தக் கூத்தெல்லாம் நடக்கும்.

கடைசியாக ஒரு சங்கதி. இந்த வியட்நாம் மீனுக்கு நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு பங்காளி உண்டு. அதன் பேரினப் பெயர் பவானியா. எங்கள் பவானி ஆற்றின் பெயர்தான். இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் சுந்தர் லால் ஹோரா 1920இல் வைத்த பெயர். காட்டாறுகளில் ஒட்டி வாழும் மீன்களை ஆயுள் முழுக்க ஆராய்ந்தவர் அவர். மலேயா, அஸ்ஸாம் பக்கத்து மீன்களுக்கும் நம் மலை மீன்களுக்கும் எப்படி இத்தனை ஒற்றுமை என்று யோசித்து, சாத்பூரா மலைகள் வழியாக அவை இந்தப் பக்கம் வந்திருக்கும் என்று ஒரு கருத்தை முன்வைத்தார். அதை ஏற்காதவர்களும் உண்டு, விவாதம் இன்றும் ஓயவில்லை.

பெயரைக் கேட்டதும் வலையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். ‘மிஸ் கேரளா’ என்ற அழகு மீனை இப்படித்தான் ஓடை ஓடையாகப் பிடித்து விற்று, இன்று அது அழியும் ஆபத்திலுள்ள பட்டியலில் இருக்கிறது. பவானியாவை ஓடையில் பார்த்துவிட்டு வந்தால் போதும்.

போன தை மாதம் கல்லாற்றில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். எதிரில் ஒரு கல்லின் மேல் நிழல் மாதிரி ஏதோ ஓர் அங்குலம் நகர்ந்தது. பவானியாதானா, வேறு மீனா என்று குனிவதற்குள் வழுக்கிக்கொண்டு கல்லுக்கு அடியில் போய்விட்டது. கால் மரத்துப்போகும் வரை நின்று பார்த்தேன், வெளியே வரவே இல்லை.

நன்றி, வணக்கம்.