பிகாச்சு மட்டும் போதும்: ஒரே கேரக்டரோட கார்டு, ஸ்டிக்கர் சேர்க்கிறது எப்படி?

(மேஜை மேல ஒரு பைண்டர், அதாவது கார்டு சொருகி வைக்கிற ஃபைல். மூடியிருக்கு.)

வணக்கம் மக்களே. இந்த பைண்டரத் தொறந்தா முதல் பக்கத்துலேர்ந்து கடைசி வரைக்கும் ஒரே மூஞ்சிதான், போகேமான் கார்ட்டூன்ல வர்ற மஞ்சக் கலர் பிகாச்சு. எங்கம்மா பாத்துட்டு "எல்லாம் ஒண்ணுதானடா, எதுக்கு இத்தனை?"ன்னு கேட்டாங்க. அவங்களுக்கு சொல்ற பதில்தான் இந்த வீடியோன்னு வச்சுக்கோங்க.

போகேமான் கார்டு ஜப்பான்ல 1996ல வந்துச்சு, இங்கிலீஷ்ல 1999. இங்கிலீஷ் முதல் செட்டுல மொத்தம் 102 கார்டு, பிகாச்சு நம்பர் 58, வரைஞ்சது மிட்சுஹிரோ அரிடா. நல்லா தொப்பையும் தொந்தியுமா இருக்கும், இப்ப இருக்கிற ஸ்லிம் பிகாச்சு கிடையாது. இப்ப கன்னத்தப் பாருங்க.

(ரெண்டு கார்டு பக்கத்துல பக்கத்துல. க்ளோஸ்-அப்.)

ஒண்ணுல சிவப்பு, இன்னொண்ணுல மஞ்சள். ஆரம்பத்துல அடிச்சதுல சிவப்பு, அப்புறம் மாத்திட்டாங்க. அதே படம், அதே நம்பர், ஆனா சேர்க்கிறவனுக்கு ரெண்டும் வேற வேற கார்டு. இது போதாதுன்னு 2002லேர்ந்து ரிவர்ஸ் ஹோலோன்னு ஒண்ணு, அதாவது படத்த விட்டுட்டு சுத்தியிருக்கிற இடம் மினுமினுக்கும், அப்ப ஒரே பிகாச்சுக்கு சாதா ஒண்ணு, மினுக்குறது ஒண்ணு, ஜப்பான் மொழியில ஒண்ணுன்னு போயிக்கிட்டே இருக்கும்.

அதனால வாங்குறதுக்கு முன்னாடி ஒரு ரூல் போட்டுக்கங்க. என் ரூல் என்னன்னா இங்கிலீஷ் மட்டும், ஒரு படத்துக்கு ஒரு கார்டு, பின்னாடி கூட்டத்துல ஓரமா பிகாச்சு நிக்கிற கார்டு கணக்குல வராது. கன்னம் விஷயத்துல மட்டும் என் ரூல நானே மீறிட்டேன், கண்டுக்காதீங்க.

அடுத்து, உள்ள என்ன கார்டு இருக்குன்னு தெரியாத பாக்கெட்ட வாங்கிப் பிரிக்கிறத விட்டுடுங்க. ஒரு பாக்கெட்ல 10 கார்டு, அதுல உங்க ஆளு ஒருதடவ கூட வராம போகலாம். வேணுங்கிற கார்ட தனியா சிங்கிளா வாங்குங்க. ஒரே கேரக்டர் சேர்க்கிறதுல இருக்கிற பெரிய லாபமே இதுதான்.

எல்லாமே கிடைக்கும்னும் நினைக்காதீங்க. பிகாச்சுவ டிசைன் பண்ண அட்சுகோ நிஷிடாவே வரைஞ்ச 'இல்லஸ்ட்ரேட்டர்' கார்டு, 90கள்ல ஜப்பான்ல ஓவியப் போட்டியில ஜெயிச்சவங்களுக்கு குடுத்தது, அமெரிக்க யூடியூபர் லோகன் பால் 2021ல 52 லட்சம் டாலருக்கு மேல குடுத்து வாங்கினாரு. நமக்கு அது போட்டோவே போதும். 2023ல ஆம்ஸ்டர்டாம் வான் கோ மியூசியத்துல சாம்பல் தொப்பி போட்ட பிகாச்சு கார்டு ஃப்ரீயா குடுத்தாங்க, கூட்டம் தாங்காம அடுத்த மாசமே அங்க நிறுத்திட்டாங்க.

டூப்ளிகேட் கதை ஒண்ணு சொல்லணும். ஒரு ஃபேன்சி ஸ்டோர்ல தங்க கலர்ல பெட்டியோட கார்டு, விலையும் கம்மி, நான் ரெண்டு பெட்டி தூக்கிட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து பின்பக்கம் பாத்தா போகேமான்ங்கிற இங்கிலீஷ் எழுத்துல 'ஈ' மேல ஒரு சின்ன சாய்வுக் கோடு இருக்கணுமில்ல, அதக் காணோம். காகிதக் கார்டுக்கு இன்னொரு வழி, டார்ச் வச்சுப் பாருங்க, அசல்ல நடுவுல கறுப்பா ஒரு லேயர் இருக்கும், அதனால வெளிச்சம் ஈசியா ஊடுருவாது, நிறைய டூப்ளிகேட்ல பளிச்சுனு தெரியும். ஏற்கனவே அசல்னு தெரிஞ்ச ஒரு கார்ட பக்கத்துல வச்சுப் பாருங்க, அப்பதான் வித்தியாசம் பிடிபடும்.

பத்திரப்படுத்துறதுக்கு ஸ்லீவ், அதாவது கார்டு சைஸ் பிளாஸ்டிக் உறை போட்டு, பிவிசி இல்லாத பைண்டர்ல வைங்க. சென்னை மாதிரி புழுக்கத்துல மினுக்குற ஹோலோ கார்டு அப்பளம் மாதிரி வளைஞ்சுக்கும், அதனால புது ஷூ பெட்டியில வர்ற, ஈரத்த இழுக்கிற சிலிக்கா ஜெல் பொட்டலத்த தூக்கிப் போடாம பைண்டர் பக்கத்துல வைங்க.

கடைசியா ஸ்டிக்கர். கொரியாவுல போகேமான் பன்னுக்குள்ள ஸ்டிக்கர் வரும், 2022 பிப்ரவரியில திரும்ப வந்தப்ப மொத்தம் 159 டிசைன், கடை வாசல்ல க்யூ. அது ஒட்டி ஒட்டி எடுக்கிற டைப். நம்ம கையில கிடைக்கிற சாதா ஸ்டிக்கர் ஒருதடவ ஒட்டினா முடிஞ்சுது, அதனால எப்பவும் ரெண்டா வாங்குங்க, ஒண்ணு பைண்டருக்கு, ஒண்ணு ஒட்டுறதுக்கு. நான் ஒட்டினது என் ஆபீஸ் டிபன் பாக்ஸ் மூடியில. அம்மா தினம் தேய்ச்சுக் கழுவுறதுல வால் எப்பவோ போச்சு, இப்ப ஒரு காதும் பாதி கன்னமும்தான் பாக்கி.