ஐந்து ஆப்ஷனில் நான்கு 'ரத்து': பேப்பர் படித்து இங்கிலீஷ் ஏற்றுவது எப்படி?

வணக்கம் மக்களே. பின்னால் குக்கர் விசில் கேட்டால் கண்டுகொள்ளாதீர்கள். காலை ஆறரை மணி, எங்கள் வீட்டு மொட்டை மாடி, கீழே அம்மா சமையல். எட்டேகாலுக்கு எனக்கு பஸ். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

"அக்கா, ஆறு மாதமாக ஹிந்து எடிட்டோரியல் படிக்கிறேன், ஒரு வார்த்தைகூட மண்டையில் நிற்கவில்லை" என்று நிறைய பேர் எழுதுகிறீர்கள். எனக்கும் நிற்கவில்லை. பேங்க் எக்ஸாம் இரண்டு தடவை போய், மூன்றாவது தடவைதான் கிளார்க் ஆனேன். முதல் தடவை என் கையில் இருந்தது கோச்சிங்கில் கொடுத்த ஜெராக்ஸ் கட்டு. மூவாயிரம் சொல், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தமிழ்ச் சொல். குவாஷ் என்றால் ரத்து செய். ரிபீல், ரத்து செய். ரிவோக், ரத்து செய். அனல், அதாவது நெருப்பு அனல் இல்லை, அதுவும் ரத்து செய். பஸ்ஸில், வரிசையில், கல்யாண வீட்டில் என்று எங்கேயும் அதைத்தான் மனப்பாடம் செய்தேன்.

எக்ஸாமில் கிளோஸ் டெஸ்ட் வந்தது. ஒரு கோடிட்ட இடம், ஐந்து ஆப்ஷன். அதில் நான்கு 'ரத்து செய்'! இங்கி பிங்கி போட்டேன். தப்பு விடைக்குக் கால் மார்க் போச்சு.

பேங்க் வேலைக்கான ஐ.பி.பி.எஸ். எக்ஸாமின் முதல் கட்டமான பிரிலிம்ஸில் இங்கிலீஷ் 30 கேள்வி, 20 நிமிடம். உட்கார்ந்து யோசிக்க நேரம் கிடையாது. மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். எக்ஸாமின் இரண்டாம் கட்டத்தில் இங்கிலீஷ் மட்டும் 45 கேள்வி, 135 மார்க். ஒரு கேள்விக்கு மூன்று. அங்கே சொல்லுக்குப் பொருள் தெரிந்தால் மட்டும் போதாது. அந்தச் சொல் எதோடு ஜோடி சேரும் என்று தெரிய வேண்டும்.

அந்த ஜோடியை எனக்குக் காட்டிக்கொடுத்தது தமிழ்ப் பேப்பர். சிரிக்காதீர்கள். ஒரே நாள் தினமணியையும் ஹிந்துவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் வந்திருக்கிற ஒரே செய்தியைப் படியுங்கள். தமிழில் எல்லா இடத்திலும் 'ரத்து' என்றே இருக்கும். இங்கிலீஷில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சொல்.

2021 நவம்பரில் மூன்று வேளாண் சட்டங்களும் ரத்து. போட்ட நாடாளுமன்றமே திரும்ப எடுத்துக்கொண்டது, அதனால் ரிபீல். 2024 பிப்ரவரியில் தேர்தல் பத்திரத் திட்டம் ரத்து. அதை உச்ச நீதிமன்றம் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று சொல்லித் தூக்கியது, அதனால் ஸ்ட்ரைக் டவுன். 2019 ஆகஸ்டில் 370-வது பிரிவின் சிறப்பு அந்தஸ்து ரத்து என்றபோது எல்லா இங்கிலீஷ் பேப்பரும் எழுதியது அப்ரகேஷன். எஃப்.ஐ.ஆர். ரத்து என்றால் குவாஷ். கீழ்க்கோர்ட்டு தீர்ப்பை மேல்கோர்ட்டு ரத்து செய்தால் செட் அசைட். லைசென்ஸ் ரத்து, ரிவோக். திருமணம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று சொன்னால் அனல். ரயில் ரத்து? அது பாவம், வெறும் கேன்சல்.

யார் ரத்து செய்கிறார்கள், எதை ரத்து செய்கிறார்கள், இந்த இரண்டைக் கேட்டாலே பாதி ஆப்ஷன் விழுந்துவிடும். என் நோட்டில் இங்கிலீஷ் சொல் தலைப்பாக இருக்காது. பக்கத்தின் மேலே பெரிதாக 'ரத்து' என்று எழுதியிருப்பேன், கீழே அதன் பிள்ளைகள், ஒவ்வொன்றுக்கும் பேப்பரில் பார்த்த ஒரு வரி. இரண்டு வருடத்தில் மொத்தமே நாற்பது சொச்சம் பக்கம்தான் ஆனது. அந்த மூவாயிரம் சொல் கட்டு எங்கே போனது என்று தெரியவில்லை, அம்மா வடை மடிக்க எடுத்திருப்பார்.

எனக்கு ரொம்பப் பிடித்த பக்கம் 'விசாரணை'. போலீஸ் குற்றத்தைத் துப்பு துலக்கினால் இன்வெஸ்டிகேஷன். ஆளை உட்காரவைத்துக் கேள்வி கேட்டால் இன்டராகேஷன். மனு கோர்ட்டில் இன்று விசாரணைக்கு வந்தது என்றால் ஹியரிங். கொலை வழக்கு விசாரணை தொடங்கியது என்றால் ட்ரையல். ஜெயலலிதா மரணம் பற்றி 2017-ல் அமைத்த ஆறுமுகசாமி ஆணையம் நடத்தியது இன்க்வைரி, ஏனென்றால் அந்த மாதிரி ஆணையங்களுக்கான 1952-ம் வருடச் சட்டத்தின் பெயரிலேயே அந்தச் சொல்தான் இருக்கிறது. தமிழில் இத்தனைக்கும் ஒரே விசாரணை. வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர் "நான் விசாரித்ததாகச் சொல்லு" என்பதையும் சேர்த்தால் இன்னொன்று.

விசாரணைக்குப் பேப்பரில் அடிக்கடி வருகிற 'புரோப்' எங்கே என்று கேட்பீர்கள். அது தலைப்புச் சொல். தலைப்பில் இடம் குறைவு, அதனால் புரோப், நாட், கர்ப், ஸ்லாம் என்று குட்டிக் குட்டிச் சொல்லாகப் போடுவார்கள். என்னைக் கேட்டால் தலைப்பை விட்டுவிட்டு முதல் பத்தியைப் படியுங்கள். ஜோடி அங்கேதான் இருக்கும். எடிட்டோரியலைக்கூட முதல் மூன்று மாதம் தொட வேண்டாம் என்பேன். எல்லாரும் அதைத்தான் முதலில் படிக்கச் சொல்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. செய்தியே தெரியாமல் அதன் மேல் எழுதிய கருத்தைப் படித்தால் எப்படி நிற்கும்?

சரி, 'ஒப்புதல்'. கவர்னர் மசோதாவுக்குக் கொடுத்தால் அஸென்ட். அரசு ஊழியர் மீது வழக்குத் தொடர அரசு கொடுத்தால் சாங்ஷன். வெளிநாட்டு ஒப்பந்தத்துக்குக் கொடுத்தால் ராட்டிஃபை. தமிழ்நாட்டின் 10 மசோதாக்கள் பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன 2025 ஏப்ரலில், அஸென்ட் இல்லாத பேப்பரே கிடையாது. கூடவே வித்ஹோல்ட் என்ற சொல்லும் வந்துகொண்டே இருந்தது. ஒப்புதலை நிறுத்திவைப்பது. அந்த மாதம் பேப்பர் படித்த யாரும் இந்த ஜோடியை மறக்க மாட்டார்கள். சாங்ஷன் மட்டும் கொஞ்சம் விஷமம். லோன் சாங்ஷன் என்றால் சந்தோஷம், ரஷ்யா மீது சாங்ஷன் என்றால் பொருளாதாரத் தடை.

இப்போது என் கவுன்டர் கதை. 'தள்ளுபடி'. மனு தள்ளுபடி, டிஸ்மிஸ். ஆடித் தள்ளுபடி, டிஸ்கவுன்ட். கடன் தள்ளுபடி? இங்கேதான் ஆபத்து. 2021 பிப்ரவரியில் தமிழக அரசு கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தது. அது வெய்வர், வாங்கியவர் கட்ட வேண்டாம். ஆனால் பேங்குகள் வாராக்கடனைக் கணக்கிலிருந்து எடுத்துவைப்பது ரைட் ஆஃப். பேலன்ஸ் ஷீட்டில்தான் எடுக்கிறார்கள், வசூல் நிற்காது. தமிழில் இதற்கும் பல நேரம் 'கடன் தள்ளுபடி' என்றே தலைப்புப் போட்டுவிடுகிறார்கள். ஒரு பெரியவர் அப்படி ஒரு பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு எங்கள் கிளைக்கு வந்தார். "பாப்பா, தள்ளுபடி ஆயிடுச்சாமே, என் பத்திரத்தைக் கொடு" என்றார். அவருக்கு நான் எப்படிச் சொல்வது? வெய்வர் வேறு, ரைட் ஆஃப் வேறு என்றா? "ஐயா, அது பேங்க் தன் நோட்டில் பக்கம் மாற்றி எழுதுவது, உங்கள் பேரில் இருக்கிறது அப்படியே இருக்கும்" என்றேன். அந்தப் பேப்பரை அங்கேயே என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். இன்னும் என் டிராயரில் இருக்கிறது.

இரண்டு பேப்பர் வாங்கக் காசில்லை என்பவர்களுக்கு: மதுரைக்காரர்கள் நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் போங்கள். மற்ற ஊரில் மாவட்ட மைய நூலகம். போனில் என்றால் மத்திய அரசின் செய்தி அறிக்கைகள் வருகிற பி.ஐ.பி. தளம், இலவசம், ஒரே அறிக்கை தமிழிலும் இங்கிலீஷிலும் கிடைக்கும். அந்தத் தமிழ் கொஞ்சம் கட்டை மாதிரிதான் இருக்கும். நமக்கு அதுவும் நல்லதுதான், எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் என்று விரல் வைத்துக் காட்டலாம்.

அம்மா கூப்பிட்டுவிட்டார். இன்றைக்கு உங்களுக்கு ஒரு சொல் தருகிறேன்: 'நீக்கம்'. கட்சியிலிருந்து நீக்கம், வேலையிலிருந்து நீக்கம், வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கம், ஜனாதிபதி பதவி நீக்கம். நான்குக்கும் நான்கு சொல், பேப்பரில் தேடி எடுத்து, வந்த வரியோடு கமெண்டில் போடுங்கள். கூகுளில் பார்த்துப் போட்டால் எனக்குத் தெரிந்துவிடும், அது நான்குக்கும் ரிமூவல் என்று சொல்லும்.