நோட்டோ பேராலயத்தின் தூணுக்குள் இருந்தது

அவையோருக்கு வணக்கம்.

இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள பரோக் ஆலயங்கள், அதாவது வளைவும் அலங்காரமும் நிறைந்த பழைய ஐரோப்பியப் பாணி ஆலயங்கள், என்றதுமே பேச்சு முகப்புக்குப் போய்விடும். நெளிந்து வளையும் சுவர், சுருள் சுருளாகச் செதுக்கிய கல், மாலை வெயிலில் தேன் நிறம். எல்லாம் உண்மைதான். ஆனால் இன்று முகப்பைத் தாண்டி உள்ளே போய் ஒரு தூணைப் பிளந்து பார்க்கப்போகிறோம். ‘பிளந்து’ என்பதை அலங்காரமாகச் சொல்லவில்லை. நோட்டோ நகரின் புனித நிக்கோலா பேராலயத்தில் அந்தத் தூண்கள் தாமாகவே பிளந்து காட்டின.

கதை 1693 ஜனவரி 11இல் தொடங்குகிறது. தென்கிழக்குச் சிசிலியைப் புரட்டிப்போட்ட நிலநடுக்கத்தில் இறந்தவர்கள் ஏறத்தாழ 60,000 பேர் என்பது பொதுவான கணக்கு. மலை உச்சியில் இருந்த பழைய நோட்டோ அப்படியே கைவிடப்பட்டது. சில கிலோமீட்டர் தள்ளி, சரிவான ஒரு குன்றில் புது ஊருக்குக் கோடு கிழித்தார்கள். நேர்த்தெருக்கள், அகலமான சதுக்கங்கள். இடிபாடு தெருவை அடைத்துக்கொண்டால் ஆள் தப்பியோட வழி வேண்டுமல்லவா? இப்படி மறுபிறவி எடுத்த ஊர்களில் எட்டை 2002இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. நோட்டோ, ரகூசா, மோதிகா, கத்தானியா எல்லாம் அதில் அடக்கம்.

கட்டடக் கலைஞர்களில் ரொசாரியோ கல்யார்தியின் கை தனித்துத் தெரியும். ரகூசாவின் புனித ஜார்ஜ் ஆலயத்தைப் பாருங்கள். தனி மணிக்கூண்டு கிடையாது. முகப்பே மூன்று அடுக்காக மேலே குறுகிச் சென்று, உச்சி அடுக்கில் மணியைத் தாங்குகிறது. தனியாக ஒல்லியாக நிற்கும் கோபுரம் நிலம் அதிரும்போது தன் போக்கில் ஆடி ஆலயக் கூரை மேல் விழும் ஆபத்து உண்டு. அகன்ற அடியும் குறுகிய உச்சியும் கொண்ட முகப்பில் அந்த ஆபத்து குறைவு. இந்த வடிவம் அழகுக்காக மட்டும் வந்தது என்று நான் நினைக்கவில்லை.

ஆக, ஊர் அமைப்பில் பாடம் கற்றார்கள், முகப்பிலும் கற்றார்கள். கோட்டை விட்டது தூணில்.

இனி பேராலயத்துக்குள் போவோம். 1990 டிசம்பர் 13இல் ஒரு நிலநடுக்கம், நடுத்தர வலிமை. கட்டடம் நின்றது. சரியாக 5 ஆண்டு 3 மாதம் கழித்து, 1996 மார்ச் 13 இரவில், நிலம் அசையாமலே இடிந்தது. வலது வரிசைத் தூண்கள், அவற்றோடு குவிமாடத்தைத் தாங்கிய நான்கு பெருந்தூண்களில் ஒன்று, நடுக்கூடத்தின் மேற்கூரை, குவிமாடத்தின் பெரும்பகுதி எல்லாம் தரைக்கு வந்தன. உள்ளே ஆள் இல்லாத நேரம், உயிர்ச்சேதம் இல்லை.

இடிபாட்டை அள்ளியபோது தூணின் உட்புறம் வெளிச்சத்துக்கு வந்தது. வெளியே ஒழுங்காகச் செதுக்கிய சுண்ணாம்புக்கல். உள்ளே ஆற்றுக் கூழாங்கல்லும் உடைகல்லும் சாந்தும். அவசரக் கோலம் அள்ளித் தெளித்த கதைதான். உருண்டைக் கல் ஒன்றையொன்று பற்றாது. பாரம் ஏறினால் வழுக்கி வெளியே தள்ளும். வெளிக்கல்லையும் உட்கருவையும் குறுக்கே பிணைக்க நீளக் கற்கள் வேண்டும், அவை போதவில்லை. சாந்திலும் ஒரு சிக்கல் உண்டு. சுண்ணாம்புச் சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் இறுகும். தடித்த தூணின் நடுவுக்குக் காற்று எளிதில் எட்டாது. வெளியே கல்லாகிவிட்ட சாந்து, உள்ளே வருடக்கணக்கில் பலமில்லாமல் கிடக்கும்.

விளைவு என்ன? உட்கரு மெல்ல அமுங்க, பாரம் முழுவதும் மெல்லிய வெளிக்கல் மேல் ஏறுகிறது. கல் செங்குத்தாகப் பிளக்கிறது. சுவரில் சாய்வாக ஓடும் விரிசல் பெரும்பாலும் அசைவையோ அடித்தளம் இறங்கியதையோ சொல்லும். தூணில் மேலிருந்து கீழாக ஓடும் விரிசல், ‘நசுங்கிக்கொண்டிருக்கிறேன்’ என்று சொல்லும். பின்னதுதான் பயப்பட வேண்டியது. நோட்டோவில் அது கண்ணில் படவில்லை, காரணம் தடித்த பூச்சு. பழைய விரிசல் சிலவற்றில் ஜிப்சம் அடைத்து மேலே பூசியிருந்தார்கள். அதாவது விரிசல் 1990க்கும் முந்தையது. நிலநடுக்கம் அதை முடுக்கிவிட்டது.

இதோடு இன்னொரு பாரமும் சேர்ந்தது. 20ஆம் நூற்றாண்டில் நடுக்கூடத்தின் மரக்கூரையை எடுத்துவிட்டுக் கான்கிரீட் கூரை போட்டார்கள். மரம் கரையானுக்கும் ஈரத்துக்கும் இரையாகும், கான்கிரீட் நிலைக்கும் என்ற கணக்கு. கணக்கில் விட்டது எடையை. மரச் சட்டம் லேசானது, கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும். கான்கிரீட் பலகை கனமானது, விறைப்பானது. அதிர்வில் ஒரே துண்டாக நகர்ந்து கீழே உள்ள சுவரைத் தள்ளும். இடிவுக்கு இதுவே மூலகாரணம் என்று சொல்ல மாட்டேன். நோய் தூணில் இருந்தது. ஆனால் நோயாளி தலையில் மூட்டை ஏற்றியது இதுதான்.

மீண்டும் கட்டும்போது பழைய வடிவம், பழைய பொருள் என்று முடிவெடுத்தார்கள்: உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல், சுண்ணாம்புச் சாந்து. ஆனால் தூணுக்குள் கூழாங்கல் கிடையாது. முழுக்க ஒழுங்காக வெட்டிய கல். இதில் துணிச்சலான முடிவு இடது வரிசை பற்றியது. அந்தத் தூண்கள் விழவில்லை, நின்றுகொண்டுதான் இருந்தன. சோதித்தபோது அதே உட்கரு, அதே நோய். மேலே உள்ள வளைவுகளுக்கு முட்டுக்கொடுத்து, நின்ற தூண்களையும் எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். ‘நிற்பதை ஏன் தொடுகிறாய்?’ என்று கேட்கும் மரபுக் காப்பாளர்கள் உண்டு. அவர்கள் கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் உட்கருவே கூழாங்கல்லாக இருக்கும்போது வெளிக்கல்லை மட்டும் காப்பாற்றி என்ன பயன்?

2007 ஜூனில் பேராலயம் திறந்தது. அன்று குவிமாடத்தின் உட்புறம் ஓவியம் இல்லாமல் வெறுமையாக இருந்தது. ஓவியங்கள் பிறகுதான் வந்தன.

அங்கே போகிறவர்கள், அதே பெருந்தெருவில் உள்ள புனித கிளாரா கன்னியர் மட ஆலயத்தையும் பாருங்கள். கல்யார்தியின் நீள்வட்ட வடிவ ஆலயம் அது. தெருப்பக்கச் சுவரில் அதன் பழைய வாசல் தரையிலிருந்து உயரத்தில், படியே இல்லாமல் தொங்கும். கட்டியவர்கள் செய்த பிழை அல்ல. 19ஆம் நூற்றாண்டில் தெருமட்டத்தை வெட்டித் தாழ்த்தினார்கள், வாசல் மேலேயே நின்றுவிட்டது.