பெர்கனில் கருவாடு கட்டிய தெரு

வணக்கம். வாயில் ஒரு துண்டு மீன் இருக்கிறது, அதனால் பேச்சு சற்றுக் குழறும், பொறுத்துக்கொள்ளுங்கள். இதற்கு இங்கே டொர்ஃபிஸ்க் என்று பெயர். நாம் கருவாடு என்போம், ஆனால் இதில் ஒரு கல் உப்புகூடக் கிடையாது. கடையில் சின்னப் பொட்டலமாக வாங்கினேன். ஐந்து நிமிடமாக மெல்கிறேன், மரப்பட்டை மாதிரி அப்படியே கிடக்கிறது.

நான் நிற்பது நார்வேயின் பெர்கன் நகரத் துறைமுகம். பின்னால் சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும் கூரை முக்கோணங்கள் தெரிகின்றனவா? அதுதான் பிரிக்கென். படகுத்துறை என்று பொருள். 1979 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. ஒரு நிமிடம், கேமராவைத் துடைத்துக்கொள்கிறேன். ஆண்டில் 200 நாளுக்கு மேல் மழை பெய்யும் ஊர் இது. நான் தங்கியிருக்கும் வீட்டு ஈழத்து அண்ணன் காலையிலேயே சொன்னார்: "குடையை நம்பாதீர்கள் தம்பி, காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும். மழைக்கோட்டைப் போடுங்கள்." நான் குடையைத்தான் எடுத்து வந்தேன். அது இப்போது குப்பைத்தொட்டியில் இருக்கிறது.

எல்லாரும் இந்த முகப்பைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். முன்வரிசையைப் பார்த்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். சந்துக்குள் போகலாம், வாருங்கள்.

கால் வைத்ததும் சத்தம் மாறுகிறது, கேட்டீர்களா? தரையெல்லாம் பலகை. இரண்டு பக்கமும் மரச்சுவர், தலைக்கு மேலே வெளிப்புறமாகத் தொங்கும் நடைமாடம், சரக்கு தூக்குவதற்கான கப்பி. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கவேண்டும். எந்தச் சுவரும் நேராக இல்லை. இந்த வீடு அந்த வீட்டின்மேல் சாய்ந்து ஏதோ இரகசியம் சொல்வதுபோல நிற்கிறது. இப்படி நீளநீளமான வளாகங்கள்தான் பிரிக்கென். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. ஒன்றுக்கு ஒற்றைக்கொம்புக் குதிரையின் பெயர்.

இவ்வளவும் எதற்காக? இதோ, என் வாயில் இருக்கும் மீனுக்காக.

வடக்கே லொஃபொடென் தீவுகளில் குளிர்காலத்தில் காட் மீன் கூட்டம் கூட்டமாக வரும். பிடித்து, தலையை வெட்டி, வால்களை இரண்டிரண்டாகக் கட்டி மரச்சட்டங்களில் தொங்கவிடுவார்கள். பிப்ரவரி முதல் மே வரை காற்றே காயவைக்கும். அழுகுகிற அளவுக்கு வெயில் இல்லை, உறைந்து கெடுகிற அளவுக்குக் குளிரும் இல்லை. காய்ந்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் கெடாது. ஆனால் அங்கே தானியம் சரியாக விளையாது. மீன் பெர்கனுக்கு வரும், தானியம் வடக்கே போகும். நடுவில் உட்கார்ந்து வியாபாரம் செய்தவர்கள் ஹான்சா என்ற கூட்டமைப்பைச் சேர்ந்த ஜெர்மன் வணிகர்கள். 1360 வாக்கில் இங்கே அலுவலகம் போட்டு, 1754 வரை, ஏறத்தாழ 400 ஆண்டுகள் கடை நடத்தினார்கள். மீனவனுக்கு முன்கூட்டியே கடன் கொடுப்பார்கள். கடன் இருக்கும்வரை அவன் வேறு வணிகனிடம் மீனைக் கொண்டுபோக முடியாது. வட்டிக்கடைக்காரர்களுக்கு எந்த ஊரானாலும் ஒரே மூளைதான். அவர்களுடைய சின்னத்தில் பாதிக் கழுகு. மறுபாதியில் கிரீடம் வைத்த கருவாடு! விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அந்த ஈழத்து அண்ணனும் முதலில் வடக்கே ஃபின்மார்க்கில் மீன் ஆலையில்தான் வேலை பார்த்தாராம். அவர் தலைமுறையில் பலர் அப்படித்தான் நார்வேயில் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். "அந்த வாசனை இன்னும் என் கையில் இருக்கிறது" என்கிறார்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். இந்தச் சுவரைத் தொட்டால் ஈரமும் குளிரும்தான். கோடையிலேயே இப்படி என்றால் ஜனவரியை நினைத்துப்பாருங்கள். இந்த மரவீடுகளுக்குள் நெருப்பே மூட்டக்கூடாது. விளக்குக்கும் கட்டுப்பாடு, அடுப்புக்கும் தடை. வேலை பழக வந்த பையன்கள் இந்த இருட்டில்தான் தூங்கினார்கள். கல்யாணமும் கூடாது. பின்புறம் தனியாகக் கட்டிய பொதுக்கூடங்களில் மட்டும்தான் கணப்பும் சமையலும். அவற்றுக்கு ஷட்ஸ்டூவ் என்று பெயர். சூடான கஞ்சிக்கும் பாடத்துக்கும் அங்கேதான் போகவேண்டும்.

இவ்வளவு கட்டுப்பாடு இருந்தும் எரிந்தது. 1702-ல் முழுவதுமாக எரிந்து, அதே மனைகளில் அதே பாணியில் மறுபடி எழுப்பினார்கள். 1944 ஏப்ரல் 20 அன்று துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் ஒன்று வெடித்ததில் கூரைகள் பறந்தன. 1955-ல் இன்னொரு தீ. இப்போது 62 கட்டடங்கள் எஞ்சியிருக்கின்றன. இத்தனையையும் தாண்டி நின்றதற்கு, தரைக்கடியில் தண்ணீர் வற்றியது வேறு ஒரு சோதனை. தண்ணீரில் ஊறிக்கிடக்கும்வரை அடிமரம் அழுகாது. நிலத்தடி நீர் இறங்கினால் காற்றுப் பட்டு மக்கும், வீடு அமிழும். அதனால் மண்ணுக்குத் தண்ணீர் ஊட்டுகிறார்கள். மழை ஊரில் தண்ணீர் ஊட்டுகிறார்கள் என்றால் சிரிப்பு வராதா?

ஆனால் அந்த 1955 தீதான் ஒரு புதையலையும் கொடுத்தது. எரிந்த இடத்தை ஆஸ்பியோர்ன் ஹெர்டெய்க் என்ற தொல்லியல் அறிஞர் தலைமையில் ஆண்டுக்கணக்கில் தோண்டினார்கள். மரக்குச்சிகளில் கீறிய ரூனிக் எழுத்துகள், அதாவது வட ஐரோப்பாவின் பழைய எழுத்துகள், நூற்றுக்கணக்கில் கிடைத்தன. பக்கத்திலேயே இருக்கிற பிரிக்கென் அருங்காட்சியகத்துக்கு அந்த அகழாய்வுதான் அடிப்படை. அரசன் ஆணையாக இருக்கும், போர்ப்பாட்டாக இருக்கும் என்றுதான் நானும் நினைத்துப் போனேன். சரக்குக்குக் கட்டிய பெயர்ச்சீட்டுகள், வியாபாரக் கடிதம், காதல் வரி, வம்பு, இவைதான் அதிகம். ஒரு குச்சியில் இப்படி இருக்கிறது: "நீ வீட்டுக்குப் போகவேண்டும் என்று கிடா சொல்கிறாள்."

அவ்வளவுதான். கிடா ஒரு பெண். குடித்துக்கொண்டிருந்த கணவனுக்கு ஆள் அனுப்பினாளோ, நண்பர்கள் கேலிக்குக் கீறினார்களோ. பின்பக்கம் பதில் எழுத முயன்ற மாதிரி சில கீறல்கள் இருக்கின்றன. அதை யாராலும் படிக்க முடியவில்லை. போதையில் எழுதியிருப்பான் என்பது என் கட்சி.

மழை வலுக்கிறது. மணி ஆறாகப்போகிறது, அண்ணன் வீட்டில் சோறு வைத்துவிட்டு அழைக்கத் தொடங்கிவிட்டார், இரண்டாவது முறை போன் அடிக்கிறது. நான் பஸ்ஸைப் பிடிக்கிறேன். அந்த மீன் துண்டு இன்னும் வாயில்தான் இருக்கிறது.