பியூசேரியம் தரும் புரதம்

நேயர்களுக்கு வணக்கம். குடியாத்தம், அணைக்கட்டுப் பக்கங்களில் வாழை பயிரிடுபவர்களுக்குப் பியூசேரியம் புதிய பெயரல்ல. இலை மஞ்சளாகி, தண்டின் அடி வெடித்து, மரம் வாடிச் சாயும் நோயை உண்டாக்குவது அந்தப் பேரினத்துப் பூஞ்சைதான். அதே பேரினத்தைச் சேர்ந்த பியூசேரியம் வெனினேட்டம் என்ற பூஞ்சையோ, 1985 முதல் இங்கிலாந்துக் கடைகளில் உணவாக விற்கப்படுகிறது. எந்த வகை, எந்தச் சூழலில் வளர்ந்தது என்பதைப் பொறுத்தே பூஞ்சை உணவாகவோ நஞ்சாகவோ அமைகிறது.

1960களில், உலகில் புரதத் தட்டுப்பாடு வரும் என்ற அச்சத்தால் ராங்க் ஹோவிஸ் மெக்டூகல் என்ற நிறுவனம் 3,000க்கும் மேற்பட்ட மண் மாதிரிகளை ஆராய்ந்தது. கடைசியில் தேர்வான பூஞ்சை, இங்கிலாந்தின் பக்கிங்காம்ஷயரில் உள்ள மார்லோ ஊர் மண்ணில் கிடைத்தது. நீண்ட பாதுகாப்புச் சோதனைகளுக்குப் பிறகே, 1980களில், அதை உணவாக விற்க அரசு அனுமதித்தது. அந்த நிறுவனத்தின் பொறுமையை நான் மெச்சுகிறேன்.

இதை வளர்க்கும் முறையே வேறு. வைக்கோலில் சிப்பிக்காளான் வளர்ப்பவர்கள் நம் மாவட்டத்திலும் உண்டு. அங்கே நாம் உண்பது குடையை. இங்கே உண்பது நூல்போன்ற பூசண இழைகளை. மாவுச்சத்திலிருந்து பெற்ற குளுக்கோஸ், நைட்ரஜனுக்காக அம்மோனியா, சில தாது உப்புகள், இடைவிடாமல் காற்று ஆகியவற்றை உயரமான கலத்துக்குள் செலுத்தி, ஏறத்தாழ 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வாரக்கணக்கில் வளர்க்கிறார்கள். பூஞ்சை வளரும்போதே வெப்பத்தை வெளிவிடுவதால் கலத்தைக் குளிர்விக்க வேண்டும். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில் அந்தச் செலவு சிறியதாக இராது.

இனிதான் முக்கியமான கட்டம். வேகமாக வளரும் செல்களில், புரதம் உருவாக உதவும் ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூறு மிகுந்திருக்கும், அதை அப்படியே உண்டால் உடலில் யூரிக் அமிலம் கூடும், கீல்வாதம் உள்ளவர்களுக்குத் தொல்லை. ஆகையால் அறுவடையான இழைகளை 64 டிகிரிக்கு மேல் அரை மணி நேர அளவுக்குச் சூடாக்கி, ஆர்.என்.ஏ.யை 2 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவருகிறார்கள். இதனால் எடையில் ஒரு பங்கு இழக்கப்படுகிறது. பாதுகாப்புக்காகத் தெரிந்தே ஏற்கும் இழப்பு அது. பிறகு முட்டை வெள்ளைக்கருவைக் கலந்து, வேகவைத்து உறையவைக்கும்போது, இழைகள் நெருங்கி இறைச்சி போன்ற நார்த்தன்மை பெறுகின்றன. முட்டையும் வேண்டாம் என்பவர்களுக்கு உருளைக்கிழங்குப் புரதம் சேர்த்த வகைகளும் உண்டு. சிலருக்கு ஒவ்வாமை ஏற்பட்டதும் பதிவாகியிருக்கிறது.

100 கிராம் ஈரமான பூஞ்சையில் சுமார் 11 கிராம் புரதமும் 6 கிராம் நார்ச்சத்தும் உள்ளன, கொழுப்பு குறைவு. புதிய சிப்பிக்காளானில் புரதம் சுமார் 3 கிராம்தான். ஆனால், வட ஆற்காட்டு மானாவாரி நிலங்களின் பழைய பயிரான நிலக்கடலையில் 25 கிராம் இருப்பதையும் மறக்கக்கூடாது. இறைச்சிக்கு மாற்றுத் தேடும் நகரத்தாருக்குப் பூஞ்சைப் புரதம் பொருந்தலாம். சாதாரணக் குடும்பத்துக்கு இன்றைக்கும் கடலையும் பருப்புமே மலிவு என்பது என் கருத்து.

பூஞ்சையில் புரதம் உண்டு என்று கேட்டுவிட்டு, வீட்டில் பூசணம் பிடித்த எதையும் யாரும் சோதித்துப் பார்க்க வேண்டாம். ஈரம்பட்ட கடலையில் வளரும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். வறுத்தாலும் அது முழுமையாக அழியாது. சுருங்கிய, நிறம் மாறிய பருப்புகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு, நன்றாக உலர்ந்த கடலையை மட்டுமே சேமித்து வையுங்கள்.